அனுமதிச் சீட்டும் ஆட்டோபானும்: ஜெர்மனித் தமிழ் எழுத்தைப் புதுக்கோட்டையிலிருந்து வாசித்தல்

ஜெர்மனியிலிருந்து தமிழில் எழுதப்படுபவற்றை இன்று இரண்டு அடுக்காகத்தான் வைக்க முடிகிறது. எண்பதுகளில் போய்ச் சேர்ந்த ஈழ அகதிகள் எழுதியவை ஒன்று. 2000க்குப் பிறகு கணிப்பொறி வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் எழுதுபவை மற்றொன்று. ஒரே நாடு, ஒரே மொழி. ஆனால் முதல் அடுக்கைப் படித்தவர்கள் இரண்டாவதை எழுத்தாகவே மதிப்பதில்லை. இரண்டாவதை எழுதுகிறவர்களுக்கு முதலாவது என்று ஒன்று இருப்பதே தெரியாது. அண்மையில் இரண்டாம் வகைப் பிரதி ஒன்று அணிந்துரைக்காக என்னிடம் வந்தது. எழுதியவர் என் கல்லூரி நண்பரின் தம்பி. கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலை. அணிந்துரை எழுதத் தோன்றவில்லை. அவரிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

பிரதியில் இருபத்திரண்டு அத்தியாயங்கள். பதினான்கு கார்ப் பயணம், ஐந்து விருந்து. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு ஒரு கார். கருங்காடு, நோய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை, மலையைத் தாண்டினால் ஆஸ்திரியா, அப்படியே இத்தாலி. டப்பாவில் புளிச்சோறு. ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் முள் 200ஐத் தொட்டது பற்றி மட்டும் இரண்டு பக்கம். இதை நக்கல் பண்ணுவது சுலபம், சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு அது கைவந்த கலையும்கூட. மணியன் விகடனில் எழுதிய பயணத் தொடர்களின் பேரப்பிள்ளை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன், உழைத்துச் சம்பாதித்தவன், நாலு ஊர் பார்ப்பதில் என்ன குற்றம்? என் கேள்வி வேறு. அந்தப் பிரதியில் ஓரிடத்தில், ஆஸ்திரியாவுக்குள் எப்போது நுழைந்தோம் என்றே தெரியவில்லை, கைப்பேசி வரவேற்புச் செய்தி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது என்று எழுதுகிறார். இந்தத் 'தெரியவில்லை' என்னைப் பிடித்து நிறுத்தியது. எல்லை தெரியாமல் போவது கண்ணின் விஷயமா, சட்டைப்பையில் இருக்கிற அட்டையின் விஷயமா?

1982ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பம் போட்டவர் தமக்கு ஒதுக்கப்பட்ட அலுவலகத்தின் ஆட்சி எல்லையைத் தாண்டக்கூடாது என்றது. எல்லை என்றால் நாட்டெல்லை இல்லை; மாவட்ட எல்லை. அடுத்த மாவட்டத்திலிருக்கும் சித்தப்பா மகனைப் பார்க்க வேண்டுமென்றால் அயல்நாட்டார் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, காரணம் சொல்லி, அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போய்ப் பிடிபட்டால் முதல் தடவை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் சிறைவரை போகக்கூடிய குற்றம். 'ரெசிடென்ஸ்ஃப்ளிஷ்ட்' என்று அதற்குப் பெயர், வசிப்பிடக் கட்டாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். 2015இல்தான், பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு பொருந்தாது என்று தளர்த்தினார்கள். ஆட்டோபானில் வேகத்துக்கு வரம்பு வைக்க மறுத்த தேசம், அதே சாலையில் சிலருக்குத் தூரத்துக்கு வரம்பு வைத்தது. வெண்டர்ஸின் 1976ஆம் வருடத்துப் படத்தில் இரண்டு ஆண்கள் இரு ஜெர்மனிகளின் எல்லையோரமாகவே லாரி ஓட்டிக்கொண்டு போவார்கள். திரைப்படச் சங்கங்களில் அதைப் பார்த்துவிட்டு வெட்டவெளியையும் மௌனத்தையும் பற்றிப் பேசியவர்கள் நாம். ஆறே வருடத்தில் அந்த வெட்டவெளி ஒருத்தனுக்கு மனுப் போட வேண்டிய இடமாக ஆகிப்போனது.

அவர்கள் வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவது, நகர ரயிலில் ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ நிலையத்துக்கு வருவது, அங்கிருந்து மேற்கு பெர்லின். பெர்லினின் பிளவை நாட்டெல்லையாக ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று மேற்கு ஜெர்மனி பிடிவாதமாக இருந்ததால், அந்த இடத்தில் முறையான குடிவரவுச் சோதனை வைக்க அதற்கு வழியில்லை. பனிப்போர் விட்டுவைத்திருந்த ஒரு சந்து. அதற்குள் நம்ம ஆட்கள் நுழைந்தார்கள். 1985இல் இரண்டு ஜெர்மனிகளும் பேசிக்கொண்டு தமிழர்களுக்கு இடைவழி அனுமதியை நிறுத்தின. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் மிதந்தது நினைவிருக்கலாம். அவர்கள் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில்தான். இதையெல்லாம் பயண இலக்கியம் என்று நம்மில் யாரும் வகைப்படுத்தியதில்லை.

இந்தப் பின்னணியோடு தூண்டில் முதலான இதழ்களையும், பார்த்திபன், பொ. கருணாகரமூர்த்தி போன்றோரின் கதைகளையும் திரும்பப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது: அறை அதிகம், சாலை குறைவு. பல பேர் ஒன்றாகத் தங்கும் அறை, பொதுச் சமையற்கட்டு, தபால்பெட்டி, தொலைபேசிக் கூண்டு, உணவகத்தின் பின்கட்டு. 'அவ்வளவு பெரிய நாட்டில் இருந்துகொண்டு அறைக்குள்ளேயே சுற்றுகிறார்களே, ஜெர்மனியே கதையில் வரவில்லையே' என்று நண்பர்கள் சிலர் குறைப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். அதை அனுபவ வறுமை என்று வாசித்தார்கள். மாவட்டத்தைத் தாண்டினால் குற்றம் என்கிற ஒருவனுடைய கதையில் நிலக்காட்சி எங்கிருந்து வரும்? இயற்கை வர்ணனை இல்லாதது அந்தக் கதைகளின் குறை என்று எண்ணினால் நாம் சட்டத்தை வாசிக்கவில்லை என்று அர்த்தம். வடிவம் என்று நாம் அழகியலில் பேசுகிற சமாச்சாரத்தில் பாதி அயல்நாட்டார் அலுவலகத்தில் தீர்மானமாகிறது.

பிறகு சாலை வந்தபோது எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்' டாக்ஸி ஓட்டுநரின் இரவு அனுபவங்களாக வந்தது. மற்றவர்களின் விருந்து முடிகிற நேரத்தில் இவருக்கு வேலை தொடங்குகிறது. சக்கரம் கையில் இருக்கிறது, போகிற திசை பின்சீட்டுக்காரருடையது. நம் ஸ்டுட்கார்ட் தம்பியின் பயண அத்தியாயங்கள் பதினான்கையும் இதன் பக்கத்தில் வைத்தால், இரண்டு பேருமே கார் ஓட்டுகிறார்கள் என்கிற ஒற்றுமை எவ்வளவு மேலோட்டமானது என்று விளங்கும். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்: அந்த டாக்ஸியில் சிரிப்பு இருக்கிறது. கருணாகரமூர்த்தியின் எள்ளல், அகதி என்றாலே அழுகை என்று எதிர்பார்க்கிற தமிழ்நாட்டு வாசகனுக்குக் கொஞ்சம் தொந்தரவானது. தொந்தரவாகவே இருக்கட்டும்.

ஆக உண்மையான நெடுஞ்சாலைப் பயணம் என்று முதல் அடுக்கில் எதைச் சொல்லலாம்? என்னைக் கேட்டால் இலக்கியச் சந்திப்பைச் சொல்வேன். 1988இல் ஹேர்ண நகரில் தொடங்கி, முதலில் ஜெர்மன் நகரங்களிலும் பின்னர் பிற ஐரோப்பிய நாடுகளிலும் மாறி மாறிக் கூடி, 2013இல் லண்டனில் நாற்பதாவதும் அதே வருடம் யாழ்ப்பாணத்தில் நாற்பத்தொன்றாவதும் நடந்தது. தலைவர் கிடையாது, நிரந்தர அலுவலகம் கிடையாது. 1990இல் ஜெர்மனியிலேயே பெண்கள் சந்திப்பு தனியாகப் புறப்பட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஒருவர் அடுத்த மாவட்டத்தில் நடக்கிற கூட்டத்துக்கு ரயில் ஏறுவதே, அனுமதி கையில் இல்லையென்றால், சட்டமீறல். ஒரு கட்டுரை வாசிப்பைக் கேட்கப் போவதற்கு அபராதம் கட்டத் தயாராக இருக்க வேண்டும் என்பதை நம் கருத்தரங்கப் பயணப்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மறுபக்கத்து ஆபத்து இதைவிடப் பெரியது. அந்த வட்டத்தோடு நெருக்கமாக இருந்த சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிஸில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விவாதிக்கக் கூடுவது என்பது அரசின் அனுமதி, இயக்கத்தின் அனுமதி என்ற இரண்டையும் மீறுவதாக இருந்தது.

சரி, விருந்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் முதல் அடுக்கின் விமர்சகர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. பிறந்தநாள், சாமத்தியவீடு, மண்டபம், வீடியோ, ஹெலிகாப்டரில் வந்திறங்கும் பெண்பிள்ளை என்று புலம்பெயர் கொண்டாட்டங்களைத் திட்டித் தீர்த்த எழுத்து நிறைய உண்டு. ஒரு சிறுமியின் உடலை மண்டபத்தில் உட்கார்த்திவைத்து அறிவிப்பதை எதிர்த்தது சரி. யாரை அழைக்கிறார்கள், யாரை அழைப்பதில்லை என்பதில் ஊர்ச் சாதி கப்பலேறி வந்துவிட்டதைச் சுட்டியதும் சரி. ஆனால் அந்த எழுத்து பல சமயம் ஒரு கறாரான பள்ளிக்கூட வாத்தியார் குரலில் பேசியது. 'காசைக் கரியாக்குகிறார்கள்' என்பதற்கு மேல் போகவில்லை. எங்கள் பகுதிக்காரன் அப்படிப் படிக்க மாட்டான். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய்விருந்து நடக்கும். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். நோட்டுப் போட்டு ஆள் ஆளுக்கு மொய் எழுதுவார்கள். செய்த மொய்க்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மானம் போகும். ஒருத்தர் ஒருமுறை வைத்தால் அடுத்த முறைக்கு ஐந்து வருடம் ஆகும். வந்த காசில் ஆழ்துளைக் கிணறு, கடை, மகள் கல்யாணம். வங்கி கொடுக்காத கடனை விருந்து கொடுக்கிறது.

எண்பதுகளில் அகதி விண்ணப்பதாரருக்கு ஜெர்மனியில் நீண்ட வேலைத்தடை இருந்தது. விண்ணப்பம் தள்ளுபடியானவர் கையில் 'டுல்டுங்' என்ற தாள். பொறுத்துக்கொள்கிறோம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள், சில மாதத்துக்கு ஒருமுறை பொறுத்துக்கொள்வதைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த வங்கியில் போய் நிற்பது? சீட்டும், விழாவில் நீட்டப்படும் உறையும்தான் அங்கே மூலதனம். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய கடன், தம்பியைக் கூப்பிட வேண்டிய காசு, தங்கைக்குச் சீதனம் எல்லாம் அந்த உறைகளில் சுற்றின. சாதியும் அதே உறையில்தான் சுற்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கிற கதை எழுதப்பட்டிருந்தால் அது பெரிய கதையாக இருந்திருக்கும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' குடிமேசையை அப்படித்தான் பயன்படுத்தியது: நண்பர்கள் குடிக்கிறார்கள், பேச்சில் தமிழ்ப் பெருமை கந்தலாகிறது. சிங்கம்புணரிக்காரர் அவர், எங்கள் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம். அந்த மேசையின் அருகே வைக்கக்கூடிய விருந்து இன்னும் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கொண்டாட்டமான அயல்வாழ்வு எங்களுக்குப் புதிதும் இல்லை. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்பர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கட்டினார். வெள்ளைக்கார அரசு அந்த அம்மாளை ராணியாக அங்கீகரிக்க மாட்டேன் என்றது. ராஜா சிட்னிக்கும் பிறகு பிரெஞ்சுக் கடற்கரைக் கான் நகருக்குமாகப் போய், குதிரைப் பந்தயமும் விருந்துமாக இருந்து, 1928இல் பாரிஸில் இறந்தார். செலவு சமஸ்தானத்துக் குடியானவனின் வரியிலிருந்து. அனுமதி மறுக்கப்பட்டவனின் விருந்து இப்படியும் இருக்கலாம், பணம் மட்டும் இருந்தால்.

ஸ்டுட்கார்ட் பிரதியில் விருந்து என்பது வேறு வகை. ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவருவது, ஏரிக்கரையில் கறி சுடுவது, பொங்கல், கிரிக்கெட். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சுவாரசியமும் அதிகமில்லை. ஒரே ஒரு அத்தியாயம் விதிவிலக்கு: ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர். தொழிற்பேட்டைக்கு நடுவே 2002இல் குடமுழுக்கான கோயில். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஈழத்தமிழர்கள் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள், தீர்த்தம் ஆடுவது சரக்குப் படகு போகிற கால்வாயில். சாலையும் விருந்தும் ஒன்றாகும் இடம் அதுதான். பகுத்தறிவு நண்பர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், எனக்கும் கோயில் கட்டுவதில் பெரிய உற்சாகம் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் மாவட்டம் தாண்ட மனுப்போட்டவர்கள் நாடு தாண்டி வந்து கூடுகிற கூட்டம் அது. தம்பி அங்கே போகிறார், படம் எடுக்கிறார், அன்னதானத்தில் சாப்பிடுகிறார், இலங்கைத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள் என்று எழுதிவிட்டு வண்டி ஏறிவிடுகிறார். இரண்டு அடுக்கும் முகத்துக்கு முகம் சந்தித்த ஒரே இடத்தில், எப்படி வந்தீங்க அண்ணே என்ற கேள்வி கேட்கப்படவில்லை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்வியைத் தமக்கே அவர் கேட்டுக்கொண்ட ஒரு பக்கம் பிரதியில் இருக்கிறது, அதற்காகவே அது நூலாக வர வேண்டும். வேலை போன வாரத்தைப் பற்றியது. புது வேலை கிடைக்கச் சில மாதக் கெடு. அதற்குள் கிடைக்காவிட்டால் அட்டை செல்லாது. அந்த நாட்களில் சாலைப் பயணம் ஒன்றும் இல்லை. அறைக்குள்ளேயே இருக்கிறார், தபால்பெட்டியை ஒரு நாளைக்கு நாலுமுறை திறந்து பார்க்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூண்டில் காலத்துத் தபால்பெட்டி! 2000இல் ஷ்ரோடர் அரசு கணினி வல்லுநர்களைக் கூப்பிட்டபோது, 'இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்' என்று எதுகை போட்டுத் தேர்தல் பிரசாரம் நடந்த நாடு அது. 2024இல் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னதும் அதே நாடுதான். கூப்பிடுகிற கையும் தள்ளுகிற கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. தம்பி அந்தப் பக்கத்தைத் தாண்டி, வேலை கிடைத்ததும், அடுத்த அத்தியாயத்தில் நேராக ஸ்விட்சர்லாந்து போய்விடுகிறார்.

இனி நம்மைப் பற்றி. 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த 'பனியும் பனையும்' வந்தபோது புலம்பெயர் இலக்கியம் என்ற வகை தமிழ்நாட்டில் கால் ஊன்றியது. தேவையான தொகுப்பு. ஆனால் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது, பனி விழுகிற இடம்தான் புலம் என்று. லேணாவிளக்கில் பனி மார்கழியில் மட்டும்தான், அதுவும் தலையில் துண்டைப் போட்டால் போதும். லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று எங்கள் மாவட்டத்தில் மூன்று ஈழ அகதி முகாம்கள் உண்டு. 2021இலிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். 1991க்குப் பிறகு முகாம்களில் கெடுபிடி இறுகியது. தணிக்கை நாளில் குடும்பத்தில் ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பதிவு போகும், பதிவு போனால் உதவித்தொகையும் அரிசியும் போகும். வெளியூர் வேலைக்குப் போனவன் அந்த நாளுக்குப் பேருந்து பிடித்து ஓடிவர வேண்டும். இதை விளக்க ஃபூக்கோவைக் கூப்பிடலாம், வருவாய் ஆய்வாளரின் பதிவேடே போதும் என்பது என் எண்ணம்.

தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' 2007இல் வந்தது. இந்திய முகாம் வாழ்க்கையை உள்ளேயிருந்து சொன்ன நூல். அதைப் பற்றிப் பேசியவர்களும் பெரும்பாலும் ஆவணம், சாட்சியம் என்றுதான் பேசினார்கள், புலம்பெயர் இலக்கியம் என்ற அலமாரியில் ஏற்றவில்லை. ஹேர்ணயில் எழுதினால் இலக்கியம், தோப்புக்கொல்லையில் எழுதினால் மனுவா? மாவட்டம் தாண்ட முடியாத பெர்லின் அகதியின் கதையைப் படித்து நாம் கண்கலங்கியதற்கு ஒரு காரணம், அந்தச் சட்டத்தை எழுதியது நம் அரசு இல்லை என்பதுதான். லேணாவிளக்கில் பெயிண்டர் வேலை பார்க்கிற மன்னார்க்கார அண்ணன் ஒருவரிடம் இந்த வசிப்பிடக் கட்டாயச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அங்க எண்டாலும் கடுதாசியில எழுதிக் குடுத்தவங்கள், தம்பி. இஞ்ச வாயால சொல்லிப்போட்டுப் போயிடுவாங்கள்" என்றார். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டின் சட்டவியலை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன விமர்சகரை நான் படித்ததில்லை.

இரண்டு நாட்டையும் ஒப்பிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். ஜெர்மனியில் 2000இலிருந்து, பெற்றோரில் ஒருவர் சட்டப்படி எட்டு வருடம் வசித்திருந்தால், அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்க வழி உண்டானது. எண்பதுகளில் போனவர்கள் பலர் கடவுச்சீட்டு வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது எல்லை தெரியாமல் ஆஸ்திரியாவுக்குள் நுழைகிறார்கள், நம் தம்பியைப் போலவே. முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இலங்கையைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை இன்னும் அகதிதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவனுக்கு இடமில்லை. 2025இல் புதிய குடிவரவுச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த ஈழ அகதிகளுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். தண்டிக்க மாட்டோம் என்று சொன்னார்கள், குடிமகன் என்று சொல்லவில்லை. இந்திய மொழியில் டுல்டுங்.

அடுத்த தொகுப்புக்குக் கதை கேட்டு அறிவிப்புக் கொடுக்கப்போகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா என்று பகுதி பிரிக்கும்போது புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நோட்டுப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டுட்கார்ட் தம்பியும் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அவரையும் உட்காரவைத்து ஒருநாள் வாசிப்புக் கூட்டம் நடத்தலாமென்று பேசிக்கொண்டிருக்கிறோம். முகாமுக்குள் வெளியாட்கள் கூட்டம் போட அனுமதி வாங்க வேண்டும் என்பதால் டவுனில்தான் இடம் பார்க்கிறோம். தேதி இன்னும் முடிவாகவில்லை. பெயிண்டர் அண்ணனிடம் அந்த மாதத்துத் தணிக்கை எந்தக் கிழமை என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.